ஹோல்தார் அண்ணனை மன்னித்தார்கள்

செய்தி வந்தபோது காலை பத்தே முக்கால். அன்று வந்த முதல் லாரியின் பருத்திக்கொட்டையில் ஒரு பிடி எடுத்து அரைத்து, ஈரம் பார்ப்பதற்காக ஆய்வகத்துச் சூட்டுப்பெட்டியில் வைத்திருந்தேன். செக்குக் கூடத்து மேஸ்திரி கென்ஜா நேராக உள்ளே வந்தான். வழக்கமாக வாசலிலேயே நின்று, "முல்லா, வரலாமா? இல்ல என் பூட்ஸுக்கும் சோதனை போடுவியா?" என்று கேட்பவன்.

"ஹோல்தார் அண்ணன் போயிட்டாரு," என்றான். "காலையில டீ குடிச்சிட்டுச் சாஞ்சவரு எந்திரிக்கல. மத்தியானம் லுஹர் தொழுகையோட ஜனாஸா, அடக்கம்."

சரி என்றேன். சூட்டுப்பெட்டியில் இருந்ததை எடுக்க இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. நின்று, எடுத்து, நிறுத்து, எண்ணைக் குறித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நாலு வருடத்துக்கு முன் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் இப்படி நின்றிருந்தால் இதை எழுதும்படி ஆகியிருக்காது.

எங்கள் மொழியில் ஹோல்தார் என்றால் மச்சக்காரன். இடது கன்னத்தில் மொச்சைக்கொட்டை அளவு மச்சத்தோடு பிறந்ததால் வைத்த பெயர். இருபது வயதில் எங்கள் எண்ணெய் ஆலையில் சேர்ந்தார். கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சை வழித்தெடுக்கும் கூடத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை. அந்தக் கூடத்தில் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக வருவார்கள். புத்தாண்டுக்கு ஆலைக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கும் பனித்தாத்தா வேடம் அவருக்குத்தான் என்று ஒவ்வொரு வருடமும் தீர்மானமாகும். "வேற யாரப் போட்டாலும் தாடிக்குச் செலவு ஆகுது," என்பார் அப்போதைய மேலாளர். குழந்தைகள் நடுவே உட்கார்ந்து இருமுவார். பனித்தாத்தாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று குழந்தைகள் சிரிக்கும்.

அந்த இருமலோடுதான் ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றார். பிறகு வீட்டு வாசலில் வியாபாரம் ஆரம்பித்தார். ஆலையில் கழிவது, மிஞ்சுவது எல்லாம் அவர் வாசலுக்கு வந்தது. மாட்டுக்குப் பிண்ணாக்கு, வைக்கோலோடு கலக்கக் கொட்டைத்தோல், மெத்தைக்குக் குறும்பஞ்சு. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்குகிற கறுத்த கசடை வாங்கி வந்து, அவரும் மனைவி ஸனோபர் அண்ணியும் கொல்லையில் காரம் போட்டுக் காய்ச்சித் துணி சோப்பு செய்தார்கள். சோப்புக் கொப்பரைக்கு அடியில் எரிவதும் கொட்டைத்தோல்தான். அதன் சாம்பல் அண்ணியின் தக்காளிப் பாத்திக்குப் போகும்.

வாங்க வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது எத்தனை கிலோ என்பதல்ல. "யாருக்கு?" என்று கேட்பார்.

"பசுவுக்கு."

"எந்தப் பசு? அந்தச் செவலையா? அது சினையாச்சே. ஒரு கோப்பைக்கு மேல வைக்காத."

"கன்னுக்கும் கொஞ்சம் குடுங்கண்ணே."

"கொம்பு முளைக்கட்டும், அப்புறம் வா."

பருத்திப் பிண்ணாக்கில் ஒரு மஞ்சள் நஞ்சு உண்டு. கொட்டைக்குள் இருப்பது. அசை போடுகிற பெரிய மாடு அதைத் தாங்கும், பால்குடிக் கன்று தாங்காது. பிழிவதற்கு முன் பருப்பை ஆவியில் நன்றாக வேகவைத்தால் நஞ்சு பெரும்பாலும் அடங்கிவிடும். எவ்வளவு அடங்கியது, எவ்வளவு மிச்சம் என்று ஆய்வகத்தில் சோதித்து எழுதித் தருவது என் வேலை. அரை நாள் பிடிக்கிற சோதனை. அந்தச் சீட்டு இல்லாமல் பிண்ணாக்கு ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது.

அவரிடம் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு திறமையும் இருந்தது. எங்கள் குடியிருப்பான மஹல்லாவில் கல்யாணமோ சுன்னத்தோ, விடியற்காலைப் புலவு விருந்துக்கு எண்ணெய் காய்ச்ச அவரைத்தான் கூப்பிடுவார்கள். இறைச்சி, கேரட், அரிசி போடுவதற்கு வேறு ஆட்கள். பருத்தியெண்ணெயைக் கொப்பரையில் ஊற்றி, பச்சை நெடி போகும்வரை காய்ச்சி இறக்குவது மட்டும் அவருடையது. எலும்புத்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் புகையையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீலப் புகை வெள்ளையாகி, வெள்ளை மெலிந்ததும் கையை உயர்த்துவார். அதுவரை நூறு பேர் விருந்தானாலும் வெங்காயம் வெட்டியவன் காத்திருக்க வேண்டும். "எண்ணெய்க்கு அவசரம் கிடையாதுடா, உனக்குத்தான்," என்பார்.

நான் படித்தவன் என்பதால் என்னை முல்லா என்றே கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். அவர் வாயில் கிண்டல் குறைவு.

நாலு வருடத்துக்கு முந்தைய அந்தக் குளிர்காலத்தில் எரிவாயு அழுத்தம் விழுந்துவிட்டது. வீடுகளில் அடுப்பு மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆலையில் கொதிகலன் அரைவயிறாக ஓடியது. செக்கை நிறுத்தினால் எண்ணெய்க் குழாய்கள் உறைந்துவிடும் என்று நிறுத்தாமல் ஓட்டினார்கள். பருப்பு வெந்தும் வேகாமலும் பிழிபட்டது. ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்த பெண் காய்ச்சலில் படுத்திருந்தாள். சோதனைக்கு வேண்டிய சூடு என் அடுப்பிலும் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்த பிண்ணாக்கை நான் சோதிக்கவில்லை. திங்கட்கிழமை எண்ணைப் பார்த்து, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஹோல்தார் அண்ணன் வண்டியில் மூட்டை ஏற்றும்போது ஒரு துண்டை உடைத்துப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

"முல்லா, இதப் பாரு. நிறம் வெளிறிக் கிடக்கு. பழுப்பு வரல."

"விளக்கு வெளிச்சம் கம்மிண்ணே."

"வெளியில வெச்சுத்தான் பாத்தேன். சோதிச்சியா?"

"சீட்டுல எழுதியிருக்கே."

"இந்த வருஷம் வைக்கோல் கிடைக்கல. கன்னுக்கும் ஒரு பிடி கலந்துக்கட்டுமான்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. கலக்கலாமா?"

"இந்த எண்ணுக்கு ஒரு பிடி ஒண்ணும் பண்ணாதுண்ணே."

அவர் துண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "நீ சொன்னா சரி," என்று போனார்.

அன்று சாயங்காலம் என் வீட்டில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்கும் ஒரு கன்று இருந்தது. மனைவி தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். "கன்னுக்குப் பிண்ணாக்கு வேண்டாம். கொஞ்ச நாளைக்குத் தவிடு மட்டும் வை." ஏன் என்று கேட்டாள். இப்போது வருவது நன்றாக இல்லை என்றேன். என் வாயால் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து சூப் குடித்தேன்.

மார்ச் பதினைந்துக்குள் ஆறு வீடுகளில் ஒன்பது கன்றுகள் செத்தன. நோயென்று படுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்து, மூச்சு இழுத்து, விழுந்தன. எங்கள் தெருவில் இருக்கும் தோஹ்தா வீட்டில் மட்டும் இரண்டு. மகளின் கல்யாணத்துக்கென்று வளர்த்தவை. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துப் பார்த்து, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, தீவனம்தான் காரணம் என்றார்.

மஹல்லா அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். மேசையில் டீயும் ரொட்டியும் இருந்தன. யாரும் தொடவில்லை. ஹோல்தார் அண்ணன் ஆலைச் சீட்டைக் கொண்டு வந்திருந்தார். மஹல்லாத் தலைவர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முல்லா, இது உன் கையெழுத்துதானே?"

"என்னோடதுதான்."

"எண்ணு சரியா இருக்கா?"

"சீட்டுல இருக்கிற எண் வரம்புக்குள்ளதான் இருக்கு."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லிவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தோஹ்தா எழுந்தான். "அப்போ ஆலையில இருந்து நல்லாத்தான் வந்திருக்கு. வாசல்லதான் கெட்டிருக்கு. என்னண்ணே கலந்தீங்க? பூசணம் புடிச்ச பழைய சரக்கா? சோப்புக் கசடா?"

"ஒண்ணும் கலக்கல," என்றார் ஹோல்தார் அண்ணன்.

"கன்னுக்குக் குடுக்கலாம்னு சொன்னது யாரு?"

அவர் என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் திரும்பவில்லை. டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் சொன்னேன்," என்றார்.

கேட்டால் காட்டலாம் என்று நான் எடுத்துப்போயிருந்த ஆய்வகப் பதிவேட்டைக்கூடத் தலைவர் கேட்கவில்லை.

வேலை போய்விடும் என்று பயந்தேன். அப்படித்தான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் முல்லா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற சுகத்தை விட மனம் வரவில்லை என்பதும் உண்மை.

அவரை யாரும் அடிக்கவில்லை, ஊரை விட்டுப் போகச் சொல்லவில்லை. பிண்ணாக்கு வாங்க அடுத்த தெருவுக்குப் போனார்கள், அவ்வளவுதான். ஏப்ரலில் ஒரு கல்யாணம். எண்ணெய் காய்ச்ச அவரைக் கூப்பிடவில்லை. அன்று கொப்பரைக்குப் பக்கத்தில் நானும் கேரட் வெட்டிக்கொண்டிருந்தேன். "மச்சக்காரர் வரலியா?" என்று யாரோ கேட்டார்கள். "அவரு கை பட்டா நாமளும் நின்னுக்கிட்டே செத்துருவோம்," என்றான் ஒருவன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது. இருந்ததா, இல்லையா என்று பல தடவை யோசித்துப் பார்த்தேன். இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு விருந்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. விடியற்காலையில் புலவு மணம் தெருவில் வரும்போது அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். யாராவது கூப்பிட வந்தால் உடனே கிளம்ப வசதியாக. மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பி வரும்வரை நின்றுவிட்டு உள்ளே போவார். நான் அந்தப் பக்கமாகத் திரும்பாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை பேசிக்கொண்டோம். அடுத்த கோடையில் எங்கள் கன்றை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது வாய்க்கால் பாலத்தில் எதிரே வந்தார். கன்று நன்றாக வளர்ந்து கிடேரியாகியிருந்தது. அதன் நெற்றியைத் தடவினார்.

"இது அந்த வருஷத்துக் கன்னுதானே?"

"ஆமாண்ணே."

"நல்லா வந்திருக்கு," என்றார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு இருமல் வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் நிற்காமல் கிடேரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்படியே மூன்று வருடம் போனது. அந்த மூன்று வருடத்தில் அவர் வாசலுக்குப் போக எனக்கு நாற்பது அடிதான் இருந்தது.

ஜனாஸாவுக்குப் போனபோது கென்ஜா ஒரு இடுப்புத்துணியை நீட்டினான். இறந்தவருக்கு நெருங்கிய ஆண்கள் மட்டும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பது. "கட்டிக்க, முல்லா. மகன் கிடையாது, மருமகன் தனியா நிக்கிறான். உனக்கு அவரு அண்ணன் மாதிரிதானே." கட்டிக்கொண்டேன். வந்தவர்கள் எல்லோரும் என் கையையும் பிடித்து ஆறுதல் சொன்னார்கள்.

பள்ளிவாசல் முற்றத்தில் உடல் இருந்த சந்தூக்கை வைத்தார்கள். இமாம் திரும்பி நின்று வழக்கப்படி கேட்டார். "இவர் எப்படிப்பட்ட மனிதர்?"

"நல்ல மனிதர்," என்று எல்லோரும் சொன்னார்கள்.

"இவர் மேல் யாருக்காவது ஏதாவது உரிமை, குறை இருந்தால் இப்போது சொல்லுங்கள்."

வழக்கமாக இந்த இடத்தில் யாரும் பேசமாட்டார்கள். அன்று இரண்டாவது வரிசையில் தோஹ்தா தொண்டையைச் செருமினான்.

"அன்னிக்கு என் ரெண்டு கன்னு செத்துச்சு," என்றான். "ரொம்ப நாள் மனசுல வெச்சிருந்தேன். அவர்கூடப் பேசாமலே இருந்துட்டேன். இப்போ அல்லாவுக்காக மன்னிச்சுட்டேன். மத்தவங்களும் மன்னிச்சிருங்க."

வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "நாங்களும் மன்னிச்சுட்டோம்." ஒரு மூலையிலிருந்து, இன்னொரு மூலையிலிருந்து. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோஹ்தாவின் தோளைப் பக்கத்தில் நின்றவன் தட்டிக் கொடுத்தான். பெருந்தன்மையான காரியம்தான். தோஹ்தா மனதாரச் செய்தான்.

நான் முதல் வரிசையில், சந்தூக்குக்கு மூன்று அடி தள்ளி, துக்கத்துணி கட்டி நின்றேன். இமாம் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒரு ஆள் மூன்று வாக்கியம் பேசப் போதுமான நேரம். பிறகு கைகளை உயர்த்தித் தொழுகையைத் தொடங்கினார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஹோல்தார் அண்ணன் மண்ணுக்குள் போனார்.

மூன்றாம் நாள் ஸனோபர் அண்ணியைப் பார்க்கப் போனேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு ரொட்டியை உடைத்து என் முன்னால் வைத்தார்.

"மன்னிச்சாங்களாமே," என்றார் அண்ணி. பெண்கள் ஜனாஸாவுக்கு வருவதில்லை. யாரோ வந்து சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்கள். "எதுக்கு மன்னிச்சாங்கன்னு நீயாவது கேட்டியா, முல்லா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, கடைசி இலக்கம், என் வீட்டுக் கன்று. அண்ணி ரொட்டித் துகள்களை விரல் நுனியால் ஒற்றி எடுத்து ஒரு குவியலாக்கிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றார். "கூட்டம் முடிஞ்சு வந்த அன்னிக்கே கேட்டேன், அவன் பேரச் சொல்ல வேண்டியதுதானேன்னு. 'அவன் காகிதத்தப் பாத்தான், நான் பிண்ணாக்கையே பாத்தேன். வெளிறினது கண்ணுல பட்டும் வித்தேன்ல, அப்போ அது என்னோடதுதான்'னாரு. எனக்குச் சரின்னு படல. இப்பவும் படல."

"அண்ணி, என்னை..."

"அதக் கேக்காத." அண்ணி கையை உயர்த்தினார். "மன்னிப்பு இந்தத் தெருவுல ரொம்ப மலிவாயிடுச்சு. நான் ஒண்ணும் கன்னு வளர்க்கல. தொலைச்சவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

அன்று சாயங்காலம் தோஹ்தா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். சொல்லி முடிக்கும்வரை ஒட்டு வைத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கேட்டான்.

"உன் கன்னுக்கு வைக்கல," என்றான் கடைசியில்.

"வைக்கல."

"எங்க வீடு உன் வீட்டுல இருந்து எத்தன வீடு?"

"ரெண்டு."

"ரெண்டு வீடு நடந்து வந்து, தோஹ்தா, கன்னுக்கு வைக்காதன்னு சொல்ல முடியல."

கீழே கிடந்த பசை டப்பாவை எடுத்து மூடியைத் திருகினேன்.

"பள்ளிவாசல்ல அத்தன பேர் முன்னாடி நான் அந்த மனுஷன மன்னிச்சேன். எல்லாரும் என்னைப் பெரிய மனுஷன்னாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தல நிமிர்ந்து நடந்தேன். இப்போ அத என்ன பண்றது, சொல்லு? திருப்பி வாங்கிக்கவா? அவருகிட்டப் போய் எப்படிச் சொல்றது?" குரலை உயர்த்தவில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வந்தது. "கெட்டிக்காரன் நீ. நாலு வருஷம் பொறுத்து, அவரு காது கேக்காதுன்னு உறுதியானதும் வந்திருக்க."

"ஆமா," என்றேன்.

"மத்த அஞ்சு வீட்டுக்கும் நீயே போ. நான் போய்ச் சொன்னா, முல்லா மேல பழி போடுறான்பாங்க. உன் வாயால சொல்லு. எப்படிச் சொன்ன அன்னிக்கு? 'சீட்டுல இருக்கிற எண் வரம்புக்குள்ள'ன்னு. அந்த மாதிரி இல்லாம."

போனேன். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லி டீ கொடுத்துவிட்டார்கள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒரு வீட்டில் கிழவி, நான் யாரென்றே சரியாகத் தெரியாமல், "பாவம், அந்த மச்சக்காரரையா சொல்ற? அவர நாங்க எப்பவோ மன்னிச்சுட்டோமே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்குப் புரியவைக்க நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது தடவை என் குரல் சத்தமாகிவிட்டது. மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். இன்னொரு வீட்டில் கதவைப் பாதி திறந்தபடி கேட்டுவிட்டுச் சாத்தினார்கள். மூன்று நாளாக ஆலையில் கென்ஜா என்னைப் பெயர் சொல்லி, வாஹித் என்று கூப்பிடுகிறான்.

தோஹ்தா வீட்டோடு சேர்த்து ஐந்து வீடுகள் ஆயிற்று. ஆறாவது வீட்டுக்காரர் குடும்பத்தோடு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. அவருடைய மைத்துனரிடம் தொலைபேசி எண்ணை வாங்கி எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.